படத்துக்கு ஒரு விளக்கம்

பார்வையற்றோருக்குக் கணினி வாசித்துக் காட்டுவதற்காக, கல்லூரி இணையதளத்தின் படங்களுக்கெல்லாம் விளக்கம் எழுதியிருந்தாள் வானதி. அதைச் சரிபார்க்கும் பார்வையற்ற பெண் வேதாரண்யத்திலிருந்து போன் செய்தாள்.

“எல்லாம் தெளிவா கேக்குது மேடம். உங்க பழைய கெமிஸ்ட்ரி வகுப்பு படத்துல மட்டும், எல்லாருக்கும் பேர் போட்டுட்டு, ‘மூன்றாவதாக ஒரு மாணவி’ன்னு வாசிக்குது.”

“பேர் ஞாபகமில்லைங்க.”

“உங்க தோள்ல கை போட்டிருக்காளே, அவதான்.”

வானதி தான் எழுதிய விளக்கத்தைத் திறந்து பார்த்தாள். “அதை நான் எழுதவே இல்லையே! உங்களுக்கு எப்படித் தெரியும்?”

எதிர்முனையில் கணினிக் குரல் ‘மூன்றாவதாக ஒரு மாணவி’ என்ற வரியையே மறுபடி மறுபடி வாசித்தது.

“நான் கடைசியா பாத்த போட்டோ அது. மறுநாள் லேப்ல விளையாட்டா ஆசிட் பாட்டிலை மாத்தி வச்சது நீதான்னு இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல.” குரலில் கோபமே இல்லை. “என் பேரையாவது எழுது, வானதி.”