வெளுத்த முகம்

"மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கே! உள்ளுக்குள்ள எங்கயோ ரத்தம் கசியுது சிஸ்டர், உடனே இங்க அனுப்புங்க!"

செயற்கைக்கோள் வழியாக வந்த வீடியோவைப் பார்த்து, திருச்சியில் உட்கார்ந்தபடியே கத்தினார் டாக்டர் சபாநாயகம்.

"கை வலின்னுதான் சார் சொல்றாரு" என்று இழுத்தார் பூலாம்பாடி நர்ஸ்.

"நான் சொல்றதைச் செய்ங்க!"

டிராக்டரிலிருந்து விழுந்த பிச்சைமுத்து வந்து சேர்ந்தபோது, மண்ணீரல் கிழிந்து வயிறு நிறைய ரத்தம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் போயிருப்பார்.

பிழைத்துவிட்டார். டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை.

"மூணு தாலுகா தள்ளி இருக்கிறவன் முகத்தைப் படிச்சேன்! அனுபவம்யா, அனுபவம்!" என்று மாணவர்களிடம் அளந்துகொண்டே இருந்தார்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில், பிச்சைமுத்துவின் மனைவி பாப்பாயி டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"டிவில தெரியப்போறாருன்னு நாந்தாங்க அவசரமா அவரு மூஞ்சில பவுடரை அப்பிவுட்டேன். திட்டுவீங்களோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். நல்லவேளை, நீங்க கண்டுபிடிக்கல சாமி!"

சுற்றி நின்ற மாணவர்கள் டாக்டரின் முகத்தைப் படிக்க ஆரம்பித்தார்கள்.

அது பவுடர் இல்லாமலேயே வெளுத்திருந்தது.