படுக்க வைக்காத புட்டி

மகன் டோபி பிறந்த வருடத்துப் போர்ட் ஒயின் அது. அவனுடைய இருபத்தொன்றாவது பிறந்தநாளில் திறக்கவென்று பிரிஸ்டல் ஏலத்தில் லெனார்ட் எடுத்தது. பிறந்தநாள் இன்று, மகன்தான் பதினாலு வயதிலேயே போய்விட்டான். திருகத் திருகத் தக்கை மரத்தூளாய் உதிர்கிறது. துணியில் வடிகட்டி ஊற்றுகிறார். சன்னல் வெயிலில், கண்ணாடிக் குடுவைக்குள் வெறும் பழுப்புத் தண்ணீர். அறையெங்கும் காடி நெடி. "புட்டியப் படுக்க வெச்சிருக்கணும், ஐவி. நின்னா தக்கை காஞ்சு காத்து பூந்துடும்." மகன் படத்தருகே, புட்டி நின்ற இடத்தில் தூசு படியாத வட்டத்தை மனைவி விரலால் தடவுகிறாள். "நான்தான் நிக்க வெச்சேன். இதையும் படுக்க வைக்க மனசு வரல." அவர் பக்கம் திரும்பி, "ஏழு வருஷமா நீங்களும் பாத்துட்டுதானே இருந்தீங்க? ஒயின்ல கரை கண்டவரு, ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்கிறாள். லெனார்ட் அந்தக் காடியைக் கோப்பையில் ஊற்றி ஒரே மடக்கில் காலி செய்துவிட்டு, மறுபடியும் ஊற்றிக்கொள்கிறார்.