இன்னும் வரலாம்

பள்ளி வேனின் பின்கதவை மேலே தூக்கி நிறுத்தி, கதவையும் கூரையையும் இணைக்கும் ரப்பர் குழாய்க்குள் ரிவர்ஸ் கேமராவின் வயரை நுழைத்துக்கொண்டிருந்தாள் எலக்ட்ரீசியன் மும்தாஜ். சோப்புத் தண்ணீர் தடவியும் வயர் பாதியில் நின்றது.

"தகட்டுல ஒரு ஓட்டை போட்டா அஞ்சு நிமிஷ வேலைதானேம்மா," என்றார் டிரைவர் தேவசகாயம்.

"மழைத்தண்ணி இறங்கும்ண்ணே. நான் கை வச்ச வண்டியில ஓட்டை இருக்காது."

அவர் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார். போன மாதம் அவர் ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு குழந்தையின் பை சக்கரத்தில் நசுங்கியது. குழந்தை தப்பியது. அதிலிருந்து யாராவது பின்னால் நின்று பார்க்காமல் அவர் ரிவர்ஸ் எடுப்பதில்லை.

ஒரு மணி நேரம் கழித்து வயர் மறுமுனையில் எட்டிப் பார்த்தது. கதவைத் திறக்கும்போது இழுபடாமலிருக்க ஒரு சுற்று தளர்வாக விட்டாள். இருபது தடவை கதவைத் திறந்து மூடினாள். ஸ்டீயரிங் பக்கத்திலிருந்த சின்னத் திரையில் கேமராவின் படம் அணையவே இல்லை.

"கண்ணாடியப் பாக்காதீங்க. படத்தை மட்டும் பாத்து வாங்க," என்றாள். பிறகு வேனுக்குப் பின்னால் போய், யூகேஜி பிள்ளையின் உயரத்துக்குத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

வண்டி மெல்லப் பின்னால் வந்து, இரண்டு முழம் இருக்கையில் நின்றது. பிரேக் விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

அவள் எழவில்லை. கேமராவைப் பார்த்து, இன்னும் வரலாம் என்று கையை அசைத்தாள்.