இரண்டு நொடி முன்னதாக

சிரிப்பு மறுபடியும் தாமதமாக வந்தது.

மேடையில் மாப்பிள்ளை, மாமியாரின் முந்தானை என்று அறியாமல் அதில் முகம் துடைத்துக்கொண்டார். அரங்கம் சிரித்து ஓய்ந்தது. அதன் பிறகுதான் மூன்றாம் வரிசையின் பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள்.

அவள் மைக்கை மூடினாள்.

அரங்கின் பின்புறத்தில் கண்ணாடி அடைத்த ஒரு சிற்றறை. மேடையில் கண்ணுக்கு மட்டும் தெரிவதை அங்கிருந்து அவள் மெல்லிய குரலில் சொல்ல வேண்டும். பார்வையற்ற அந்தப் பன்னிரண்டு பேரும் ஹெட்போனில் அதைக் கேட்பார்கள்.

பாளையங்கோட்டையின் அந்தச் சிறிய நாடகக் குழுவுக்கு இத்தகைய காட்சி இதுவே முதல் முறை. ஓராண்டு வேண்டிக்கேட்டு அவள் பெற்ற அனுமதி.

பயிற்சியில் கற்பித்த விதி ஒன்றே. நடந்ததைச் சொல்லலாம். நடக்கப்போவதைச் சொல்லலாகாது.

அவள் விதிகளை மீறி அறியாதவள்.

இடைவேளையில் மூன்றாம் வரிசைக்குச் சென்று, தெளிவாகக் கேட்கிறதா என்று பணிவுடன் வினவினாள்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவரான இசையாசிரியர் எபனேசர் ஹெட்போனைக் கழற்றினார்.

“கேக்கதெல்லாம் நல்லாத்தான் கேக்கு தாயி. ஊரே சிரிச்சு முடிச்ச பெறவு நாங்க சிரிச்சா, எல்லாரும் எங்களையில்லா திரும்பிப் பாக்காவ. நாற்காலி கிறீச்சிங்குதே, தெரியாதா? அதான், இனிமே சிரிக்காம இருந்துக்கிடுவோம்னு பேசி வச்சிருக்கோம்.”

அதையும் அவர் வேடிக்கையாகவே சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை.

திரும்பும் வழியில் ஞானதுரை அவளை நிறுத்தினார். குழுவின் இயக்குநரும் அவரே, மேடையில் மாப்பிள்ளையும் அவரே. மாலையைக் கழற்றாமல் வியர்த்துக்கொண்டிருந்தார்.

“எம்மா, அந்தப் பிந்துன சிரிப்பு என் அடுத்த வரிய முழுங்கிருது. அடுத்த ஆட்டத்துக்கு இந்த ஹெட்போன் சமாச்சாரம் வேண்டாம், என்ன?”

“சரிய்யா. மன்னிக்கணும்.”

இரண்டாம் பாதியில் ஊஞ்சல் பாட்டு.

மாப்பிள்ளை தம் வீரத்தைத் தாமே புகழ்ந்து பாடினார். ஒவ்வொரு இரண்டு வரிக்கும் தவில் தனியாக வாசித்தது. அந்த இடைவெளி மட்டுமே அவளுக்குரியது.

மூன்றாம் வரிசையில் இருபத்து நான்கு கைகள் மடியில் கிடந்தன.

அவள் மைக்கைத் திறந்தாள்.

“மாப்பிள்ளை ஊஞ்சலில் உட்காரப் போகிறார். இடப்பக்கக் கயிறு ஒரே ஒரு நூலில்தான் நிற்கிறது. அவருக்குத் தெரியாது.”

மூன்றாம் வரிசை வெடித்துச் சிரித்தது.

மேடையில் இன்னும் எதுவும் நடந்திருக்கவில்லை.

ஞானதுரை பாதி குனிந்தவாறே நின்றுவிட்டார். ஒத்திகையில் இல்லாத நிற்றல். சிரிப்பு வந்த திசையைப் பார்த்தார். வேட்டி அவிழ்ந்துவிட்டதோ என்று இடுப்பைத் தடவினார்.

இப்போது அரங்கம் முழுவதும் சிரித்தது.

அவர் உட்கார்ந்தார்.

கயிறு அறுந்தது.

அந்தச் சிரிப்பில் முந்தியது யார், பிந்தியது யார் என்று பிரிக்க இயலவில்லை. நான்கு அடி வாசிக்க வேண்டிய தவில் பதினாறு அடி வாசித்துக் காத்திருந்தது.

நான்காம் வரிசைப் பெண் ஒருத்தி முன்னால் சாய்ந்து எபனேசரின் தோளைத் தொட்டாள்.

“அண்ணாச்சி, அடுத்து என்ன?”

“பொறும்மா, சொல்லுதேன்.”

கடைசிக் காட்சி. பந்தி. மாப்பிள்ளையின் முன்னே மூடிய பாயச வாளி.

ஞானதுரை வாளியின் மூடிமேல் கை வைத்தார். திறக்கவில்லை.

எல்லாத் தலைகளுக்கும் மேலாக, கண்ணாடி அறையைப் பார்த்துக் காத்து நின்றார்.

தவில்காரரும் கையை உயர்த்தியபடி இருந்தார்.

அவள் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கைத் திறந்தாள்.