அந்த மனுசனின் கார்

“அவர் எண்டா இந்தத் துருவுக்கு மேல பெயின்ற் அடிச்சிருக்க மாட்டார்,” என்றாள் சிவரூபி.

அவன் பிரஷைப் பெயின்ற் பேணியில் போட்டுவிட்டு நிமிர்ந்தான்.

“எங்க துரு? காட்டுங்கோ பாப்பம்.”

“உதிலதான், மூட்டுக்குக் கீழ.”

சைலன்சரின் மூட்டில் மிளகளவு துரு இருந்தது. அவன் கம்பிப் பிரஷை எடுத்து மறுபடியும் உரஞ்சினான்.

பரந்தன் சந்தியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் அந்த வீடு. முற்றத்தில் பழைய ஏ-40 கார் ஒன்று பனங்குற்றிகளின் மேல் நின்றது. சண்டைக்காலத்தில் விட்டுவிட்டு ஓடிய கார். திரும்பி வந்து பார்த்தபோது சில்லும் இருக்கையும் கதவும் போயிருந்தன. அடியில் கிடந்ததை மட்டும் ஒருவரும் கழற்றவில்லை. இப்போது காரைத் தாங்கும் அந்தத் தகட்டு வில்லுகளும் புகைக்குழாயும் மண்ணெண்ணெயில் குளித்து, சிவப்பு அடிப்பூச்சு வாங்கி, இரண்டு வேம்புகளுக்கு இடையே கட்டிய கம்பியில் தொங்கின. இனி வில்லுக்குக் கறுப்பு. குழாய்க்குச் சூடு தாங்கும் வெள்ளிப் பூச்சு.

வேலை அவனுக்குப் பிடித்திருந்தது. பிடிக்காதது அந்த ‘அவர்’தான்.

அவள் புருசன் பெயரைச் சொல்லமாட்டாள். இந்தப் பக்கத்துப் பெண்கள் சொல்வதில்லை. அவர் இப்படிப் பூசுவார், அவர் அப்படி முறுக்குவார். போதாததற்கு நெற்றியில் குங்குமப் பொட்டு. புருசன் காணாமற்போன பெண்கள் வன்னி முழுக்க அப்படித்தான் இருக்கிறார்கள், பொட்டை அழிக்காமல், வருவார் வருவார் என்று. அது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் அந்தப் பொட்டைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஏதோ எரிந்தது. வேலை செய்யும் இடத்தில் இப்படி ஒரு எண்ணம் பிழைதான். எப்போது தொடங்கியது என்று அவனுக்கே தெரியவில்லை. ஊர் வழக்கப்படி அவளைத் ‘தங்கச்சி’ என்று கூப்பிட மட்டும் நாக்கு வளையவில்லை.

“ஆள் வடிவோ?” என்று கேட்டான்.

“ஆர்?”

“உங்கட அவர்.”

அவள் சிரித்தாள். “வடிவுதான். கண்ணாடி பாத்தாத்தானே அவருக்குத் தெரியும்.”

“உயரமோ?”

“இந்தக் காருக்குள்ள குனிஞ்சுதான் ஏறுவார்.”

அவனும் குனியாமல் ஏறமுடியாது. அதில் ஒரு சின்ன ஆறுதல்.

வில்லின் கறுப்புக் காய்ந்ததும், அதன் நடு ஆணித் தலையில் ஒரு பொட்டு வைக்கவென்று சிவப்புப் பேணியைத் திறந்தான். தேத்தண்ணியோடு வந்த சிவரூபி அப்படியே நின்றாள்.

“உதென்னத்துக்குச் சிவப்பு?”

“ஆணி இளகினா பெயின்ற் வெடிச்சுக் காட்டிக்குடுக்கும். சிவப்பெண்டா தூரத்திலயே தெரியும்.”

“அவரும் உப்பிடித்தான் வைக்கிறவர்.”

பேணியை நிலத்தில் குத்தி வைத்தான். “இது என்ர யோசனை.”

“ஓம், ஓம்.”

“உந்த மனுசனைப் பாத்து நான் செய்யேல்லை.”

“நான் அப்பிடிச் சொன்னனானோ? ஏன் கோவிக்கிறியள்? தேத்தண்ணி ஆறப்போகுது.”

என்ன பிறவி அந்த ஆள்! இவன் எதை நினைத்தாலும் அவன் முன்னமே நினைத்து வைத்திருக்கிறான். தேத்தண்ணிக்கு அளவாகச் சீனி போட்டிருந்தாள். அதையும் அந்த ஆளுக்குப் போட்டுப் பழகிய கைதானே போட்டிருக்கும் என்று நினைத்ததும் பாதியிலேயே கோப்பையை வைத்துவிட்டான்.

“ஒண்டு கேப்பன், கோவிக்கக்கூடாது,” என்றான்.

“கேளுங்கோ.”

“அந்த மனுசன் இனி வருவார் எண்டு நினைக்கிறியளோ?”

அவள் கம்பியில் தொங்கிய குழாயைப் பார்த்தாள். காய்ந்துவிட்டதா என்று விரல் நுனியால் தொட்டாள்.

“வருவார். சில நேரம் கிட்டவே வந்திட்டார் எண்டுகூட நினைக்கிறனான்.”

“வராட்டி?”

“வராட்டியும் நான் அவரோடதான்.”

“இஞ்ச நான் ஒருத்தன் இருக்கிறன்.” சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே கேட்டது.

“உங்களை ஆர் போகச் சொன்னது?”

“அவர் வந்தா நான் போகத்தானே வேணும்.”

“அவர் வந்தா நீங்கள் ஒரு இடமும் போகத் தேவையில்லை,” என்றாள் சிவரூபி.

கூலிக்கு வந்தவனுக்குச் சொல்லும் ஆறுதல் என்று அவனுக்குப் பட்டது. பிரஷை எடுத்து, காய்ந்த வில்லுக்கே இன்னொரு தரம் கறுப்பு அடித்தான். அந்த மனுசன் வந்து பார்க்கட்டும். பார்த்து, தன்னைவிட வேலை தெரிந்தவன் ஒருவன் இங்கே இருந்திருக்கிறான் என்று வயிறு எரியட்டும்.

வேலிப் படலை திறந்தது. தோளில் பெரிய பையோடு ஒரு இளம்பெண். கொழும்பு பஸ்ஸால் இறங்கி நடந்து வந்த களைப்பு முகத்தில் இருந்தது.

“அப்பா!”

அவனுக்குத் திக்கென்றது. கடைசியில் அந்த மனுசன் வந்தேவிட்டான்! பிரஷைப் பிடித்தபடி பின்னால் திரும்பிப் பார்த்தான். அங்கே கார் மட்டும்தான் நின்றது.

வந்த பெண் பையை நிலத்தில் போட்டுவிட்டு நேரே அவனிடம் வந்து, பெயின்ற் அப்பியிருந்த கையைப் பிடித்துக்கொண்டு தாயைப் பார்த்தாள்.

“சண்டையில வெடிச்ச அந்தச் செல்துண்டு தலைக்குள்ள கிடக்குமட்டும் உப்பிடித்தான் பிள்ளை,” என்றாள் சிவரூபி. “விடிஞ்சா நானே புது ஆள்தான் அவருக்கு.”

யாரைப் பற்றிய கதை என்று அவனுக்கு விளங்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் கண்கள் நிறைந்திருந்ததைப் பார்க்க, எரிச்சலை மீறிப் பாவமாக இருந்தது.

“உங்கட அப்பா இன்னும் வரேல்லைப் பிள்ளை,” என்றான்.

“ஓம் அப்பா,” என்றாள் அவள்.