மைனாவின் இரண்டு வழிகாட்டிகள்

குஞ்சுகளுக்கு எந்தக் குளத்துத் தண்ணீரால் காய்ச்சல் வருகிறது என்று முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது மைனா. வைத்தியத்துக்குக் கொக்கு வழிகாட்டி, புள்ளிவிவரத்துக்கு எறும்பு வழிகாட்டி. கொக்கிடம் கொக்கு மாதிரியும் எறும்பிடம் எறும்பு மாதிரியும் பேசியே மூன்று வருடம் ஓடிப்போனது.

வாய்மொழித் தேர்வில் கொக்கு இழுத்தது: "புள்ளிவிவரம் பிரமாதம்மா! வைத்தியம்தான்... சுமார்."

"சேச்சே, வைத்தியம் அருமை! புள்ளிவிவரம்தான் சொதப்பல்," என்று வெடுக்கெனச் சொன்னது எறும்பு.

"கீழக்குளத்துத் தண்ணிதான் காரணம், சார்," என்றது மைனா.

"அது எறும்பு சார் பாடு," என்றது கொக்கு.

"இல்ல, கொக்கு சார் பாடு," என்றது எறும்பு.

பட்டம் கிடைத்தது. எல்லோரும் கீழக்குளத்துக்கே தண்ணீர் குடிக்கப் போனார்கள்.

"குடிக்காதீங்க!" மைனா தன் சொந்தக் குரலில் கத்தியது.

"யாரது? நம்ம ஆளு குரல் மாதிரி இல்லையே," என்று கேட்டுவிட்டு, கொக்குக் குஞ்சு தண்ணீரில் அலகை வைத்தது.