நடு சிலிண்டர்

"வண்டிக்கும் மூச்சு முட்டுமாப்பா?" என்று மகள் ஷைனா சின்ன வயதில் ஒருமுறை கேட்டாள்.

அன்று சிரித்துவிட்டுப் போன மெக்கானிக் சில்வஸ்டர், இன்று அப்படி மூச்சு முட்டி நின்றுபோன ஓர் ஆம்னி வேனின் முன்சீட்டைத் தூக்கிவிட்டு, அடியிலிருந்த எஞ்சின்மேல் குனிந்திருந்தார்.

ஊட்டிக்குப் பக்கத்தில் தலைகுந்தாவில் இருந்த அவருடைய ஷெட்டுக்கு வெளியே மதியமே பனிமூட்டம் இறங்கியிருந்தது. வேன்காரன் இசக்கிமுத்து கதவோரம் நின்றான். முகத்தில் ஒரு வாரத் தாடி.

போன வெள்ளிக்கிழமை கிளென்மார்கன் தேயிலை எஸ்டேட்டின் லைன் வீடுகளிலிருந்து, நெஞ்சுவலியில் துடித்த பேச்சியை ஏற்றிக்கொண்டு ஊட்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். ஏற்றத்தில் வண்டி கரும்புகை கக்கியது. இழுவை விட்டது. நின்றது. எத்தனை முறை சாவியைத் திருப்பியும் கிளம்பவில்லை.

வேறு வண்டி வருவதற்குள் பேச்சி பின்சீட்டிலேயே அடங்கிவிட்டாள்.

அடக்கத்தன்று அவள் மகன் அஜய் லைனே கேட்கக் கத்தினான். "வண்டிக்கு ஊத்த வேண்டியதையும் சேர்த்து நீயே குடிச்சிட்டியாடா?"

இசக்கிமுத்துவுக்குக் குடிப்பழக்கம் கிடையாது. ஆனாலும் அவன் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து சோற்றுக்கும் திறக்கவில்லை.

அவன் மனைவி தேவி காலையில் சில்வஸ்டருக்குப் போன் செய்தாள். "செடிக்கு அடிக்கிற மருந்து டப்பாவை ஒளிச்சு வெச்சிருக்கேனுங்கண்ணா. உங்ககிட்டதான் வர்றாரு. நல்ல வார்த்தை ஒண்ணு சொல்லி அனுப்புங்க."

அந்த நல்ல வார்த்தையைத்தான் அவர் எஞ்சினுக்குள் தேடிக்கொண்டிருந்தார்.

மூன்று சிலிண்டர். மூன்று பிளக்குகளையும் கழற்றித் துணிமேல் வரிசையாக வைத்தார். ஓரத்து இரண்டும் பிஸ்கட் நிறத்தில் காய்ந்திருந்தன. நடுவில் இருந்தது கரி பிடித்து, நனைந்து, பெட்ரோல் வாடை அடித்தது.

நடு சிலிண்டருக்கு மட்டும் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போயிருக்கிறது. எரிய முடியாமல் அதிலேயே மூழ்கியிருக்கிறது. மூன்றில் ஒன்று வேலையை நிறுத்தினால் இந்த மலையில் எந்த வண்டி ஏறும்?

பிளக்கைத் துடைத்துப் பொறி பார்த்தார். பளிச்சென்று வந்தது. கரண்டில் கோளாறில்லை.

பெட்ரோலைப் பீய்ச்சுகிற மூன்று இன்ஜெக்டர்களையும் குழாயோடு வெளியே எடுத்துவைத்துச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றாத நேரத்தில் மூன்றும் வாயை மூடியிருக்க வேண்டும். இரண்டு மூடியிருந்தன. நடுவில் இருந்தது சொட்டியது.

"இதை யாராச்சும் கழட்டினாங்களா முத்து?"

"நாந்தானுங்கண்ணா. போன மாசம் வண்டி விட்டுவிட்டு ஓடி மிஸ்ஸிங் அடிச்சுது. அடைப்பா இருக்கும்னு ஸ்டவ் பின்னை விட்டு நல்லாக் குத்தி எடுத்தேன். எங்கூட்டு பம்ப் ஸ்டவ்வே அதுலதானுங்க இன்னும் எரியுது."

சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் உயிர் வந்தது. தன் கையால் ஒன்றைச் சரியாகச் செய்தோம் என்கிற நினைப்பு அவனுக்கு மிச்சமிருந்தது.

சில்வஸ்டர் இன்ஜெக்டரை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் லென்ஸை வைத்துப் பார்த்தார். துளையின் ஓரத்தில் ஸ்டவ் ஊசி இழுத்த கீறல். முடியளவுதான். அதன் வழியாகத்தான் பெட்ரோல் இறங்கியிருக்கிறது.

அவர் உடனே திரும்பவில்லை. ஞாயிறுதோறும் மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறவர். பொய் சொல்லாதே என்பதை நூறு முறையாவது அவர்கள் வாயால் சொல்ல வைத்திருப்பார்.

"அடைப்பு எடுத்தது நல்லதுதான் முத்து. தப்பு என் மேல. மழைக்கு முன்னாடி சர்வீஸ் பண்ணேன் பாரு, அப்பவே இதுக்குப் புது ரப்பர் வளையம் போட்டிருக்கணும். கையில ஸ்டாக் இல்லைன்னு பழசையே மாட்டி அனுப்பிட்டேன். அதான் ஒழுகியிருக்கு. நாளைக்கு லைனுக்கு வந்து அஜய்கிட்ட நானே சொல்லிடறேன்."

இசக்கிமுத்து அவரையே பார்த்தான்.

"ரப்பர் வளையமா? அந்தக்கா என் கையைப் புடிச்சிட்டே போச்சுங்க. கொன்னுட்டேன், கொன்னுட்டேன்னு ஒரு வாரமா நான்..."

ஸ்பேனர் தட்டைக் காலால் எத்தினான். ஷெட் முழுக்க இரும்புச் சத்தம். வாசலில் காறித் துப்பிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மூட்டத்துக்குள் நடந்தான்.

நடையில் கோபம் இருந்தது. வரும்போது இல்லாத வேகம் இருந்தது. இந்த வேகத்தில் வீட்டுக்குப் போகிறவன் மருந்து டப்பாவைத் தேட மாட்டான். தேவியிடம் சொல்லித் திட்டுவான், பசிக்கிறது என்பான்.

நாளைக்கு அஜய் அடித்தாலும் அடிப்பான். இனி கிளென்மார்கனிலிருந்து ஒரு வண்டியும் இந்த ஷெட்டுக்கு வராது. சில்வஸ்டர் சிதறிய ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

எட்டு வருடம் முன்பு அவருடைய மூத்த மகன் டெனின், பைக்காரா ரோட்டு வளைவில் பைக்கோடு விழுந்தான். வாரியெடுத்துக்கொண்டு போனவன் இசக்கிமுத்து. ஆஸ்பத்திரி வாசலில் சில்வஸ்டரின் மனைவி முன்னால் மண்டியிட்டு, "வலிக்கலைன்னுதானுங்க சொன்னான். அம்மான்னு கூப்பிட்டான். கண்ணை மூடி ஜெபம் சொல்லிட்டே தூங்கிட்டான்" என்றான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடந்தாள்.

விழுந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது என்று பிரேதப் பரிசோதனைக் காகிதத்தில் இருந்தது. சில்வஸ்டர் அதை மனைவியிடம் காட்டவில்லை. இசக்கிமுத்துவிடம் கேட்கவும் இல்லை.

அவர் ஷெட் கதவைச் சாத்தினார். இன்ஜெக்டரை இரும்புக்கட்டைமேல் வைத்து, கீறல் இருந்த இடம் தெரியாமல் போகும்வரை சுத்தியலால் அடித்தார்.